டஸ்கனி, உம்ப்ரியா மலையூர்கள்: முழங்கால் வலியுள்ள அம்மாவுடன் 10 நாள் பயணம் சாத்தியமா?

வடலி கேட்டது:

அனைவருக்கும் வணக்கம். நாங்கள் சூரிக்கில் வசிக்கும் குடும்பம். வரும் ஜூலைக் கடைசியில், பிள்ளைகளின் பள்ளி விடுமுறையில், 10 நாட்களை இத்தாலியின் டஸ்கனி, உம்ப்ரியா பகுதிகளிலுள்ள பழைய மலையூர்களில் கழிக்கலாமென்று எண்ணியிருக்கிறோம். இதுவரை எங்களுக்கு இத்தாலி என்றால் கடற்கரைதான். குடைக்கும் சாய்வு நாற்காலிக்கும் பணம் கட்டி, வெயிலில் வதங்கி, மணலோடு வீடு திரும்பியதற்கு மேல் அந்த நாட்டைப் பற்றி ஒன்றும் அறியோம். இந்த ஆண்டு 13 வயது மகள், கோபுரங்கள் நெருக்கியடித்து நிற்கும் சான் ஜிமிஞானோவின் படமொன்றைக் குளிர்சாதனப் பெட்டியின் கதவில் ஒட்டிவைத்துவிட்டாள். அங்கிருந்து தொடங்கியது இந்தப் பேச்சு.

கவலை என்னவென்றால், எங்களோடு அம்மாவும் வருகிறார். வயது 71. இரண்டு முழங்கால்களிலும் தேய்மானம். சமதரையில் அரைமணி நேரம் நடப்பார்; ஏற்றமென்றால் 10 நிமிடத்தில் நின்றுவிடுவார்; படி ஏறுவதைவிட இறங்குவதுதான் அவருக்குப் பெரும்பாடு. "நான் கீழே ஒரு மரநிழலில இருக்கிறன், நீங்கள் ஏறிப் பாத்திட்டு வாங்கோ" என்று இப்போதே சொல்லத் தொடங்கிவிட்டார். அப்படி அவரை மரநிழலில் இருத்திவிட்டுப் போவதற்கு ஒரு விடுமுறை எதற்கு என்பது என் எண்ணம்.

கணவர் எழுதிவைத்திருக்கும் பட்டியல் இது: சான் ஜிமிஞானோ, வொல்தெர்ரா, சியெனா, மொந்தெரிஜோனி, பியென்சா, மொந்தால்சீனோ, மொந்தெபுல்ச்சானோ, கொர்தோனா, பெரூஜா, அசிசி, ஒர்வியெத்தோ, கடைசியாகச் சிவிதா தி பன்யொரேஜோ. 10 நாட்களில் 12 ஊர்கள். ஒன்றுக்கொன்று ஒரு மணி நேரத் தூரம்தானே என்கிறார் அவர். எனக்கு மூச்சு வாங்குகிறது. இவற்றில் எவற்றை விடலாம்? சொந்தக் காரில் போவது சரியா, ரயிலும் பேருந்தும் மேலா? அம்மா முழுச் சைவம்; முட்டையும் சேர்க்கமாட்டார். அவருக்கு அங்கே என்ன கிடைக்கும்? போய் வந்தவர்கள் சொன்னால் பேருதவியாக இருக்கும்.

---

ஐந்துவாசல் பதில்:

சகோதரி, பெரூஜாவில் இரண்டு ஆண்டுகள் தங்கிப் படித்தவன் என்ற உரிமையில் எழுதுகிறேன். முதலில் நல்ல செய்தி: மலையூர்க்காரர்களுக்கும் முழங்கால் உண்டு. அங்கே வசிப்பவர்களில் பெரும்பகுதியினர் உங்கள் அம்மாவின் வயதினர்தான். அவர்கள் நாள்தோறும் சந்தைக்கும் மருந்துக்கடைக்கும் ஏறி இறங்க வேண்டியிருப்பதால், பல ஊர்கள் மலையடிவாரத்துக் கார் நிறுத்தத்திலிருந்து உச்சிவரை நகரும் படிக்கட்டுகளோ மின்தூக்கியோ அமைத்து வைத்திருக்கின்றன. சுற்றுலாப் படங்களில் இவை ஒருபோதும் வருவதில்லை என்பதால் வெளியூரார் அறிவதில்லை.

இவற்றில் தலையாயது பெரூஜா. கீழே பர்த்திஜானி சதுக்கத்தில் காரை நிறுத்திவிட்டு நகரும் படியில் காலை வைத்தால், அது உங்களை ஒரு கோட்டையின் வயிற்றுக்குள் கொண்டுபோகும். 1540-ல் உப்பு வரியை எதிர்த்துக் கிளம்பிய பெரூஜாக்காரர்களை அடக்கிய பாப்பரசர் மூன்றாம் பவுல், ஊரை ஆண்ட பல்யோனி குடும்பத்தின் வீடுகள் இருந்த ஒரு பகுதியையே அடித்தளமாக்கி அதன்மேல் கோட்டை எழுப்பினார். 19-ஆம் நூற்றாண்டில் மக்கள் மேற்பகுதியை இடித்துத் தள்ளினார்கள். அடியில் புதையுண்ட தெருக்கள் அப்படியே இருக்கின்றன. 1983 முதல் நகரும் படிக்கட்டு அந்தத் தெருக்களின் ஊடாக ஏறுகிறது. வெளியே 35 பாகை கொளுத்தும்போது உள்ளே நிலவறைக் குளிர்ச்சி. தலைக்கு மேலே செங்கல் வளைவு. இரண்டு பக்கமும் கதவில்லாத வாசல்கள். உங்கள் அம்மா ஓரடி ஏறாமல், நின்றபடியே இதைக் கடந்து ஊரின் நடுத்தெருவில் போய் இறங்கலாம். என் நண்பர்கள் மழை நாட்களில் வேலையில்லாமல் இதில் மேலும் கீழும் போய்வந்ததுண்டு.

சியெனாவில் சாந்தா காத்தரீனா என்ற கார் நிறுத்தத்திலிருந்து நகரும் படிக்கட்டு பேராலயத்துக்கு அருகிலேயே விடும். அங்கிருந்து காம்ப்போ சதுக்கத்துக்கு இறக்கம் மட்டுமே. கொர்தோனா, அசிசி இரண்டிலும் நகரும் படிக்கட்டு வசதி உண்டு. உங்கள் பட்டியலில் இல்லாத ஸ்பொலேத்தோவில் மலையின் உள்ளேயே சுரங்கம் போல அமைத்திருக்கிறார்கள். ஒர்வியெத்தோவில் ரயில் நிலையத்துக்கு எதிரிலேயே கம்பிவட இழுவை ரயில். 1888-ல் தண்ணீரின் எடையைக் கொண்டு ஓடத் தொடங்கியது, இப்போது மின்சாரத்தில் ஓடுகிறது.

விட வேண்டியவற்றில் முதலாவது, மன்னியுங்கள், சிவிதா. அது டஸ்கனியும் இல்லை, உம்ப்ரியாவும் இல்லை, லாசியோ மாநிலத்துக்குள் வருகிறது. அதை அடைய ஒரே வழி ஆட்கள் மட்டும் நடக்கும் நீண்ட பாலம். அதன் கடைசிப் பகுதி செங்குத்தான ஏற்றம். நிழல் ஒரு கைக்குட்டையளவும் கிடையாது. 2013 முதல் நுழைவுக் கட்டணமும் உண்டு. பிள்ளைகள் கட்டாயப்படுத்தினால், எதிர்க்கரையிலுள்ள பன்யொரேஜோவின் காட்சி மேடையிலிருந்து அம்மாவும் எல்லாரும் சேர்ந்து பாருங்கள். களிமண் அடித்தளம் அரித்து அரித்து மெலிந்த தூண்மேல் ஊர் ஒட்டிக்கொண்டிருப்பது, ஊருக்குள் போய்ப் பார்ப்பதைவிட அங்கிருந்துதான் தெளிவாகத் தெரியும்.

தங்குவதற்கு இரண்டே இடங்கள் போதும்: சியெனாவுக்குத் தெற்கே ஐந்து இரவு, திராசிமேனோ ஏரிக்கரையில் நான்கு இரவு. ஏரி ஆழமற்றது, பிள்ளைகள் மாலையில் குளிக்கலாம். கி.மு. 217-ல் கார்த்தேஜ் தளபதி ஹன்னிபால் ரோமானியப் படையைப் பனிமூட்டத்தில் மடக்கி அழித்தது இதன் வடகரையில்தான் என்று சொன்னால் மூத்தவள் குளிக்க மறுத்தாலும் மறுப்பாள்.

இன்னொன்று. பகல் ஒரு மணிக்கும் நான்கு மணிக்கும் இடையில் எந்த ஊருக்குள்ளும் இருக்காதீர்கள். கடைகள் அடைத்துவிடும், கல் கொதிக்கும், சுற்றுலாப் பேருந்துக் கூட்டம் மட்டும் தெருவில் மிஞ்சும். காலை எட்டு முதல் பதினொன்று, மாலை ஆறுக்குப் பிறகு என்று பிரித்துக்கொள்ளுங்கள். ஆறரை மணிக்கு மேல் ஊர்க்காரர்களே உடுத்திக்கொண்டு தெருவில் உலாத்த வருவார்கள். அந்த நேரத்தில் வாங்குப்பலகையில் உட்கார்ந்து பார்ப்பதும் ஊர் பார்ப்பதுதான், அதற்கு முழங்கால் தேவையில்லை.

---

நீலக்கோடு பதில்:

கார் பற்றிக் கேட்டிருந்தீர்கள். சியெனாவின் தெற்குப் பக்கம், குறிப்பாகப் பியென்சா, மொந்தால்சீனோ வட்டாரத்தில், நாளுக்கு ஒருசில பேருந்துகளே ஓடும். ஆகவே முதியவரோடு போகும் உங்களுக்குக் கார்தான். ரயிலை நம்புபவர்களுக்கு ஒரு சொல்: நிலையத்தின் பெயர்ப்பலகையில் ஊரின் பெயர் இருப்பதால் ஊர் அங்கே இருப்பதாகப் பொருளில்லை. ரயில் பள்ளத்தாக்கில் ஓடும், ஊர் உச்சியில் இருக்கும். மொந்தெபுல்ச்சானோ நிலையத்தில் இறங்கியவர் மொந்தெபுல்ச்சானோவைத் தொலைவில் கண்ணால்தான் காண்பார்.

ஆனால் காரில் போகிறவர் எழுத்துக்கூட்டியாவது படித்துக்கொள்ள வேண்டியது மூன்று எழுத்துகள்: செட்-டி-எல் (ZTL). வெள்ளை வட்டத்தைச் சுற்றிச் சிவப்பு வளையம் போட்ட பலகையோடு இது இருக்கும். குடியிருப்பவர்களின் வண்டி மட்டுமே நுழையலாம் என்று பொருள். அதன் பக்கத்து மின்பலகையில் "வார்க்கோ அத்தீவோ" என்று எழுதியிருந்தால் கேமரா விழித்திருக்கிறது; "நோன் அத்தீவோ" என்றால் அந்த நேரத்தில் தடையில்லை. பலரும் "அத்தீவோ" என்பதைத் 'திறந்திருக்கிறது' என்று தவறாகப் புரிந்துகொண்டு உள்ளே போகிறார்கள். நானும் போனேன்.

ஊரின் பெயர் வேண்டாம். இரவு ஒன்பது மணி, பின்னிருக்கையில் பிள்ளைகளின் சண்டை, வழிகாட்டிச் செயலியோ நேராகப் போ என்கிறது. நுழைந்த பிறகு தெரு குறுகிக்கொண்டே போய், இரண்டு பக்கக் கண்ணாடிகளையும் மடக்கினால்தான் வண்டி நுழையும் என்ற நிலை வந்தபோதுதான் தவறு புரிந்தது. வெளியேற வழி தேடிச் சுற்றியதில் அதே வாயிலை இரண்டாம் முறையும் கடந்திருக்கிறோம். ஸ்டுட்கார்ட்டில் அதையெல்லாம் மறந்து, அடுத்த கோடைக்குத் திட்டம் போட்டுக்கொண்டிருந்தபோது கடிதம் வந்தது. இரண்டு கடிதங்கள், நுழைந்த ஒவ்வொரு முறைக்கும் தனித்தனி அபராதம். மனைவி அவற்றைச் சட்டம் போட்டு மாட்டலாமா என்று கேட்டாள்.

ஆகவே, சுவருக்கு உள்ளே போகாதீர்கள். எப்போதும் மதிலுக்கு வெளியே நிறுத்துங்கள். தரையில் வெள்ளைக் கோடு என்றால் கட்டணமில்லை, ஆனால் அருகிலுள்ள பலகையில் நேர வரம்பு இருக்கிறதா என்று பாருங்கள். நீலக் கோடு என்றால் பணம் கட்ட வேண்டும். மஞ்சள் கோடு உங்களுக்கானது அன்று. சுங்க நெடுஞ்சாலையில் மஞ்சள் தடத்தில் மட்டும் நுழைந்துவிடாதீர்கள், அது தானியங்கிக் கருவி வைத்திருப்பவர்களுக்கு. புளோரன்சிலிருந்து சியெனா போகும் நான்குவழிச் சாலைக்குச் சுங்கமில்லை. சூரிக்கிலிருந்து ஏறத்தாழ 650 கிலோமீட்டர். ஜூலைச் சனிக்கிழமையில் கோட்ஹார்ட் சுரங்கத்தின் வாயிலில் நீங்கள் எத்தனை மணி நேரம் நிற்பீர்கள் என்பதை உங்களுக்கு நான் சொல்ல வேண்டியதில்லை.

---

வடலி பதில்:

இருவருக்கும் மிக்க நன்றி. நகரும் படிக்கட்டுச் செய்தியை அம்மாவுக்கு வாசித்துக் காட்டினேன்; ஒன்றும் சொல்லாமல் கண்ணாடியைப் போட்டுக்கொண்டு வரைபடத்தைக் கேட்டு வாங்கினார்.

சிவிதாவை வெட்டியாயிற்று. மொந்தெரிஜோனியையும் மொந்தால்சீனோவையும் கணவர் தானாகவே விட்டுக்கொடுத்தார். சான் ஜிமிஞானோவை மகள் விடமாட்டாள். கூட்டம் தாங்காது, கடைத்தெருவாகிவிட்டது என்று சிலர் சொல்வதால் தயக்கமாக இருக்கிறது. 9 வயது மகன் இதையெல்லாம் கேட்டுக்கொண்டிருந்துவிட்டு, "ஏன் எல்லாரும் மலைக்கு மேலே போய் வீடு கட்டினார்கள்? தண்ணீருக்கு என்ன செய்தார்கள்?" என்று கேட்டான். போர்ப் பாதுகாப்புக்காக என்றேன். தண்ணீர் பற்றிச் சொல்ல எனக்குத் தெரியவில்லை. விவரம் அறிந்தவர்கள் சொன்னால், வழியில் அவனுக்குச் சொல்லிக்கொண்டு போவேன்.

---

சுண்ணாம்புக்காரை பதில்:

மகனின் கேள்விதான் இந்தத் திரியிலேயே சிறந்த கேள்வி. நான் சென்னையில் பழைய கட்டடங்களைப் பேணும் வேலையில் இருப்பவன். அந்தத் தொழில் காரணமாக மூன்று முறை அந்தப் பக்கம் போயிருக்கிறேன். கேள்வியின் இரண்டாம் பாதியிலிருந்து தொடங்குகிறேன், ஏனென்றால் தண்ணீரைத் தொடர்ந்து போனால் உங்கள் பயணத் திட்டமே அமைந்துவிடும்.

சான் ஜிமிஞானோவில் ஊரின் நடுச் சதுக்கத்துக்கே 'தொட்டிச் சதுக்கம்' என்றுதான் பெயர். நடுவில் எண்கோண மேடைமேல் ஒரு கிணறு. 1273-ஆம் ஆண்டில் கட்டியது. இப்போது அதன் வாய் கம்பியால் மூடியிருக்கிறது, சுற்றியிருக்கும் படிகளில் எல்லாரும் ஐஸ்கிரீம் தின்கிறார்கள். உங்கள் மகனை அந்தக் கிணற்றின் விளிம்புக் கல்லைத் தடவிப் பார்க்கச் சொல்லுங்கள். விரல் பதியுமளவு பள்ளப் பள்ளமாகக் கோடுகள் இருக்கும். நூற்றாண்டுக் கணக்கில் வாளிக் கயிறு உரசிய தடம். எறும்பு ஊரக் கல்லும் தேயும் என்று கேட்டிருப்பான். கயிறு ஓடத் தேய்ந்த கல்லை அங்கே தொட்டுப் பார்க்கலாம்.

சியெனாக்காரர்களுக்கு அருகில் ஆறே கிடையாது. தங்கள் மலைக்கடியில் டயானா என்ற நதி ஒளிந்தோடுவதாக நம்பித் தோண்டித் தோண்டிப் பார்த்தார்கள். நதி அகப்படவில்லை. அதற்குப் பதிலாகச் சுற்றுப்புறத்து ஊற்றுகளையும், மண்ணில் கசியும் மழைநீரையும் துளித் துளியாகச் சேர்த்துக் கொண்டுவர ஊருக்கடியில் சுரங்கக் கால்வாய்களைக் குடைந்தார்கள். மொத்தம் ஏறத்தாழ 25 கிலோமீட்டர். காம்ப்போ சதுக்கத்தின் மேல்விளிம்பில் ஓயாமல் நீர் விழும் 'ஃபோந்தே காயா' அந்தச் சுரங்கங்களின் வாய்களில் ஒன்று.

ஒர்வியெத்தோ கதை வேறு. 1527-ல் ரோம் சூறையாடப்பட்டபோது பாப்பரசர் ஏழாம் கிளெமெந்து தப்பி வந்து அந்தப் பாறைமேல் ஒளிந்தார். எதிரி சூழ்ந்துகொண்டால் ஊர் தாகத்தால் சாகும் என்று அஞ்சி, கட்டடக் கலைஞர் இளைய அந்தோனியோ சங்கால்லோவைக் கொண்டு 53 மீட்டர் ஆழத்துக்குக் கிணறு தோண்டச் சொன்னார்; முடிந்தது 1537-ல், அவர் இறந்த பிறகு. கிணற்றைச் சுற்றி இரண்டு சுழல்படிகள், ஒவ்வொன்றிலும் 248 படி. ஒன்றையொன்று தொடாமல் பின்னிக்கொண்டு இறங்குகின்றன. தண்ணீர் சுமக்கும் கழுதை ஒரு வழியில் இறங்கி, அடியிலுள்ள சிறு பாலத்தைக் கடந்து, மறுவழியில் ஏறிவிடும். எதிரே வரும் கழுதைக்கு ஒதுங்கி நிற்க வேண்டியதில்லை. நடுக்கூட்டின் சாளரங்களில் எட்டிப் பார்த்தால் எதிர்ப்படியில் இறங்குபவர்களின் தலை தெரியும், ஆனால் அவர்களை எட்ட முடியாது. பிள்ளைகள் இருவரையும் ஆளுக்கொரு வழியாக அனுப்பிப் பாருங்கள். அம்மா இதில் இறங்க வேண்டாம். அவரைப் பேராலயத்துக்கு எதிரே அமர்த்திவிடுங்கள். முகப்பு மேற்குப் பார்த்தது, மாலை வெயில் படும்போது அதன் பொன்னிற மொசைக் ஓவியங்கள் ஒவ்வொன்றாகப் பற்றிக்கொள்ளும்.

இனி, ஏன் மலை? பாதுகாப்பு என்பது உண்மை, ஆனால் பாதி உண்மை. கீழே இருந்தது சதுப்பு. கொர்தோனாவுக்கும் மொந்தெபுல்ச்சானோவுக்கும் நடுவில் இன்று சூரியகாந்தி விளையும் கியானா பள்ளத்தாக்கு, நூற்றாண்டுகளாகக் கொசுவும் காய்ச்சலும் குடியிருந்த ஈரநிலம். 'மலேரியா' என்பதே 'கெட்ட காற்று' என்ற பொருளுடைய இத்தாலியச் சொல்தான். பழங்காலத்தில் தெற்கே டைபர் ஆற்றை நோக்கிப் போன கியானா, மனிதர்கள் வாய்க்கால் வெட்டியும், வெள்ள வண்டலைத் தேக்கி நிலமட்டத்தை உயர்த்தியும் மாற்றியதால் இன்று வடக்கே ஆர்னோ ஆற்றில் போய் விழுகிறது. கொர்தோனாவின் மேட்டில் நின்று அந்தச் சமவெளியைக் காட்டி, இந்த ஆற்றையே திருப்பிவிட்டார்கள் என்று சொன்னால் அவன் நம்பமாட்டான்.

சான் ஜிமிஞானோ பற்றிய தயக்கம் எனக்குமிருந்தது. 72 கோபுரங்கள் இருந்ததாகச் சொல்லும் ஊரில் இன்று 14 நிற்கின்றன. ரோமுக்குப் போகும் யாத்திரைப் பாதையில் இருந்ததால் குங்குமப்பூ விற்றும் வட்டிக்குக் கொடுத்தும் பணம் குவித்த குடும்பங்கள், ஒன்றையொன்று மிஞ்சக் கட்டியவை. 1348-ல் கொள்ளைநோய் வந்தது. 1353-ல் ஊர் புளோரன்சுக்கு அடங்கியது. பாதையும் வேறு பக்கம் நகர்ந்தது. அதற்கு மேல் எதையும் இடித்துப் புதிதாகக் கட்டக் கையில் காசில்லை. வறுமை காப்பாற்றிக் கொடுத்த அழகு அது. பகலில் அங்கே நினைவுப்பொருள் கடைகளைத்தான் பார்ப்பீர்கள், அது மெய்யே. காலை எட்டு மணிக்குள் தெற்கு வாயிலில் நுழையுங்கள். ஏற்றம் மிதமானது, அம்மா இரண்டு முறை நின்று இளைப்பாறினால் சதுக்கத்தை அடைந்துவிடலாம். பத்தரைக்கு வெளியே வந்துவிடுங்கள்.

எனினும் ஒரே ஓர் ஊரைத்தான் காட்டலாம் என்று எனக்கு யாராவது விதித்தால், நான் வொல்தெர்ராவைக் காட்டுவேன். நடுச்சதுக்கத்துக்கு மிக அருகிலேயே நிலத்தடிக் கார் நிறுத்தம் இருக்கிறது. ஊரின் ஒரு வாயில், போர்த்தா அல்லார்க்கோ, ரோமானியர்களுக்கு முந்திய எத்ருஸ்கர் காலத்தது. வளைவில் பதித்த மூன்று கல்தலைகள் மழையிலும் காற்றிலும் கண் மூக்கெல்லாம் கரைந்து, வேகவைத்த உருளைக்கிழங்கு போல உருண்டு நிற்கின்றன. 1944 ஜூன் கடைசியில், பின்வாங்கும் ஜெர்மன் படை இந்த வாயிலைத் தகர்க்க முடிவு செய்தது. ஊரார் வேண்டிக் கேட்டு ஒரு நாள் தவணை வாங்கினார்கள். ஆணும் பெண்ணுமாகத் திரண்டு, பக்கத்துத் தெருவில் பாவியிருந்த கற்களைப் பெயர்த்தெடுத்து வாயிலை முழுவதுமாக அடைத்தார்கள். எந்த வண்டியும் நுழைய முடியாதபடி வாயில் அடைபட்டதால் தகர்க்க வேண்டிய தேவையும் இல்லாமற்போனது. கல்தலைகளுக்குக் கீழே நின்று காலடியிலிருக்கும் பாவுகற்களைப் பாருங்கள், அன்று பெயர்த்தெடுத்தவை அவைதான்.

அந்த ஊரின் தொழில் அலபாஸ்டர் கல். நகத்தால் கீறினால் கோடு விழும் மென்மை. மெல்லியதாகச் சீவினால் விளக்கொளி ஊடுருவும். பட்டறை வாசலில் எட்டிப் பார்த்தால், கடைசல் இயந்திரம், கூரை விட்டம், வேலை செய்பவரின் புருவம் எல்லாம் அரிசி மாவு தூவியது போல வெளுத்திருக்கும். குவார்னாச்சி அருங்காட்சியகத்தில் ஒரு வெண்கலச் சிறுவன் இருக்கிறான். 'அந்தி நிழல்' என்று பெயர், ஏறத்தாழ 57 சென்டிமீட்டர் உயரம், சாயங்கால நிழல் போல ஒட்டி நீண்ட உடம்பு. சின்னவனுக்குப் பிடிக்கும்.

பியென்சாவில் அம்மாவுக்குக் கவலையே இல்லை, முதன்மைத் தெரு தட்டையானது, முழு ஊரையும் கால்மணியில் கடக்கலாம். அங்கே பிறந்து பாப்பரசரான இரண்டாம் பியூஸ், 1459 முதல் மூன்றே ஆண்டுகளில் தன் சிற்றூரை மாதிரி நகரமாக்கினார். அவசரத்தின் விலை பேராலயத்துக்குள்ளேயே தெரியும்: பீடத்தை நோக்கி நடந்தால் தரை சரிவதைக் கால் உணரும், பின்பகுதி களிமண் சரிவில் அமர்ந்திருப்பதால் கட்டிய காலம் முதலே அமிழ்ந்துவருகிறது. விரிசல்களைத் தொழில்முறையில் ரசிப்பவன் நான். மற்றவர்கள் வெளியே மதிலோரம் நடந்து ஓர்ச்சா பள்ளத்தாக்கைப் பார்ப்பார்கள்.

---

ரோஸ்மேரிச்செடி பதில்:

அக்கா, சாப்பாட்டைப் பற்றி யாருமே சொல்லவில்லை. நான் புளோரன்சில் ஐந்து ஆண்டுகளாக இருக்கிறேன், சைவம்.

டஸ்கனி ரொட்டியில் உப்பே இருக்காது. அம்மா முதல் துண்டைக் கடித்துவிட்டு, மறந்துவிட்டார்கள் போலிருக்கிறது என்பார். மறதியன்று, அப்படித்தான் செய்வார்கள். பையில் ஒரு சிறு ஊறுகாய்ப் போத்தல் வைத்துக்கொள்ளுங்கள். சியெனாப் பக்கத்தில் 'பீச்சி' என்ற பாஸ்தாவைத் தேடிக் கேளுங்கள். மாவும் தண்ணீரும் பிசைந்து கையாலேயே உருட்டி நீட்டுவது. இடியப்ப உரலைத் தொலைத்துவிட்டு இடியப்பம் செய்தால் வரும் தடிமன். பெரும்பாலும் முட்டை சேர்ப்பதில்லை, ஆனாலும் 'சென்சா உவோவா?' (முட்டை இல்லாமலா?) என்று ஒருமுறை கேட்டுவிடுங்கள். அதற்கு 'அல்யோனே' என்ற தக்காளிப் பூண்டுக் குழம்பு. பூண்டு தாராளமாக விழும் என்பதால் நம் நாக்குக்கு உடனே பழகிவிடும். வெயில் காலத்தில் 'பன்சனெல்லா', அதாவது ஊறவைத்துப் பிழிந்த பழைய ரொட்டியும் தக்காளியும் வெங்காயமும் துளசிக்குடும்பத்து இலையும் கலந்தது. பழஞ்சோற்றின் தங்கை என்றே சொல்லலாம்.

எச்சரிக்கை இரண்டு. பியென்சாவின் புகழ்பெற்ற 'பெக்கோரினோ' ஆட்டுப்பால் கட்டியில், பாலை உறையவைக்கப் பெரும்பாலும் கன்றின் அல்லது ஆட்டுக்குட்டியின் இரைப்பைச் சாற்றைச் சேர்ப்பார்கள். முழுச் சைவமென்றால் அதை விடுவதே நல்லது. அவரைக்காய் வகைச் சூப்புகளில் பன்றிக்கொழுப்பு ஒளிந்திருக்கும். 'சென்சா கார்னே, சென்சா பெஷ்ஷே, சென்சா பிரோதோ தி கார்னே' என்று எழுதியே வைத்துக்கொள்ளுங்கள். இறைச்சி, மீன், இறைச்சிச் சாறு மூன்றும் வேண்டாமென்பது. ரசீதில் 'கோப்பெர்த்தோ' என்று தலைக்குச் சில யூரோ கூடியிருந்தால் ஏமாற்று என்று சண்டை பிடிக்காதீர்கள், மேசைக்கான கட்டணம் அது.

தங்குவதற்கு விடுதியைவிட, சமையலறையுள்ள 'அக்ரித்துரிஸ்மோ' எனப்படும் பண்ணை வீட்டையே எடுங்கள். 1985 முதலே சட்டப்படி அந்தப் பெயரில் அறை விடுபவர் மெய்யாகவே வேளாண்மை செய்பவராக இருக்க வேண்டும். அந்த வீடுகளின் அமைப்பையும் கவனியுங்கள்: கீழே தொழுவம், மேலே குடியிருப்பு, வெளிப்புறக் கற்படி. நிலம் பண்ணையாருக்கு, உழைப்பு குடியானவனுக்கு, விளைச்சல் சரிபாதி என்ற வாரமுறையில் தலைமுறை தலைமுறையாக வாழ்ந்த குடும்பங்களின் வீடுகள் அவை. 1950-களிலும் அறுபதுகளிலும் அவர்கள் ஆலை வேலைக்குப் போனார்கள். 1964-ல் புதிய வார ஒப்பந்தங்களைச் சட்டமே தடைசெய்தது. வீடுகள் பாழடைந்து கிடந்தன. இன்று நீச்சல் குளத்தோடு நாம் வாடகைக்கு எடுப்பது அவற்றைத்தான். படுக்கையறைக்குப் போக அந்த வெளிப்படியைத்தான் ஏற வேண்டியிருக்கும். ஆகவே பதிவு செய்யும் முன்னரே, தொழுவமாக இருந்த கீழ்த்தள அறைதான் வேண்டும் என்று அம்மாவுக்காக எழுதிக் கேளுங்கள். கோடையில் குளிர்ச்சியும் அதுதான்.

---

வடலி பதில்:

நீங்கள் அனைவரும் எழுதியதை அச்செடுத்து வைத்திருக்கிறோம். முடிவு இது: தங்குமிடமான பியென்சா போக, ஊர்கள் ஏழு. முதல் ஐந்து இரவு பியென்சாவுக்கு அருகே, அங்கிருந்து சியெனா ஒரு நாள் முழுவதும், வொல்தெர்ராவும் சான் ஜிமிஞானோவும் சேர்த்து ஒரு நாள். பிறகு ஏரிக்கரையில் நான்கு இரவு. கொர்தோனா, பெரூஜா, அசிசி, ஒருநாள் ஒர்வியெத்தோ. மொந்தெபுல்ச்சானோவைக் கணவர் தனியே அதிகாலையில் நடந்து பார்த்துவிட்டுக் காலை உணவுக்குள் திரும்பிவிடுவாராம், பார்ப்போம்.

கீழ்த்தள அறை கேட்டு எழுதியதற்கு ஒரு பண்ணை வீட்டிலிருந்து இன்று சம்மதம் வந்தது. வாசலில் ஒரு முசுக்கட்டை மரமும் அதனடியில் மேசையும் இருக்கிறது என்று படம் அனுப்பியிருக்கிறார்கள். அம்மாவிடம் மரநிழல் கிடைத்துவிட்டது என்று காட்டினேன். "அது பின்னேரம் வந்து இருக்கிறதுக்கு. முதல்ல அந்தக் கோட்டைக்குள்ளால போற படியைக் காட்டு" என்றார்.

ஒரே ஓர் ஐயம் மிச்சம்: கோட்ஹார்ட்டைத் தவிர்க்கத் திங்கட்கிழமை அதிகாலை மூன்று மணிக்குப் புறப்பட்டால், மதிய வெயிலுக்கு முன் பியென்சாப் பக்கம் போய்ச் சேர்ந்துவிடலாமா, இல்லை வழியில் பார்மாவிலோ மொதெனாவிலோ ஓர் இரவு நிற்பது அம்மாவின் கால்களுக்கு நல்லதா?

---

நீலக்கோடு பதில்:

ஓர் இரவு நில்லுங்கள். ஏழு மணி நேரத்துக்கு மேல் மடக்கிய முழங்காலோடு உட்கார்ந்துவிட்டு இறங்கினால், முதல் இரண்டு நாள் அதிலேயே போய்விடும். மொதெனா சமவெளி ஊர். மாலையில் நிழல் வளைவுகளின் கீழே காலை நீட்டி நடக்க வசதி. காரை மட்டும் பழைய நகருக்கு வெளியே நிறுத்துங்கள். செட்-டி-எல் மலையில் மட்டுமில்லை.